யமுனா சொன்ன இரண்டு சாட்சிகள்

யமுனாவின் இடது கை வெதுருகுப்பம் வரைக்கும் பேர் போனது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் வெளிப்பக்கமாக ஒரு வளைவு. சேலை முந்தானையால் எவ்வளவு மூடினாலும் பாத்திரம் தூக்கும்போது தெரிந்துவிடும். ஆந்திர எல்லைக்குள் இருக்கிற பாலசமுத்திரம் காலனியின் கடைசியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஜெப வீடு இருக்கிறது. அங்கே ஊழியம் செய்கிற பாஸ்டர் மாசிலாமணி, எந்த ஊரில் கூட்டம் என்றாலும் அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். பாட்டு முடிந்ததும், "சகோதரி யமுனா, எழுந்து சாட்சி சொல்லும்மா" என்பார்.

அவள் எழுந்து தரையைப் பார்த்தபடி சொல்லுவாள்.

"கர்த்தர் என் கையை உடைச்சாரு. உடைச்சித்தான் என்னைத் தங்கிட்ட இழுத்துக்கினாரு. அவருக்கே ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிடுவாள். அரைமணி நேரம் சாட்சி சொல்லுகிறவர்களுக்கு வராத கண்ணீர் இந்த மூன்று வாக்கியத்துக்கு வரும். பெண்கள் வந்து அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் இருந்தால் சுவரோரம் ஒதுங்குகிறவள், அந்த மூன்று வாக்கியத்துக்காக மட்டும் பதிமூன்று வருஷம் மதிக்கப்பட்டாள்.

கை உடைந்த கதை வேறு.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. மகள் காவ்யாவுக்கு ஒரு வயது. புருஷன் சம்பத் கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர் ஓட்டினான். ஒருநாள் கொல்லையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்கு யமுனா தண்ணீர் கொண்டுபோனாள். அதில் ஒருத்தன் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், இவளும் சிரித்துவிட்டாள். சம்பத் டிராக்டர் மேலிருந்து பார்த்தான். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சோறு தின்று, கை கழுவி, வெளியே போய் டிராக்டரிலிருந்த இரும்பு ஜாக்கி லிவரை எடுத்துக்கொண்டு வந்தான்.

"இன்னாடி சிரிப்பு அவங்கிட்ட?"

மண்டைக்கு வந்ததை அவள் இடது கையால் தடுத்தாள். அடிக்கரும்பை முறித்த மாதிரி சத்தம் கேட்டது. நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் என்பதால், முதலில் அது தன் கை என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் புத்தூர் போனாள். எலும்பு முறிந்தால் அந்தப் பக்கத்தில் எல்லாரும் போகிற இடம். கட்டுப் போடுகிறவர் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சி?" என்றார்.

"விழுந்துட்டேன்."

"விழுந்தா மணிக்கட்டுல போவும். இது தடுத்த கை" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். முட்டை வெள்ளையைத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

பக்கத்து பெஞ்சில் கணுக்காலில் கட்டோடு பருத்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் சென்னம்மா, சந்தையில் காய்கறிக்கடை வைத்திருப்பவள். "என் காலைத் தடுக்கினது ரோட்டுல கெடந்த கல்லு. உன் கையத் தடுக்கின கல்லு எந்த ஊருடி? லுங்கி கட்டிக்கினு நடக்குமா?" என்றாள். யமுனாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சென்னம்மாவும் பாலசமுத்திரம்தான். அவள்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை யமுனாவை ஜெப வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சம்பத்துக்கு அது பிடிக்கவில்லை. கட்டுப் போட்டு இருபதாவது நாள், அந்தக் கையை மூங்கில் பத்தையோடு பிடித்துக் கதவு இடுக்கில் வைத்து, கதவைச் சாத்தினான். ஒருமுறை சாத்தி, திறந்து பார்த்து, மறுபடி சாத்தினான். கூடத் தொடங்கின எலும்பு மறுபடி பிரிந்தது. அந்த வளைவு அப்படித்தான் வந்தது.

இதையெல்லாம் ஜெப வீட்டில் சொல்ல முடியுமா? ஒரு வருஷம் கழித்து, புதிதாக வந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் அவளை எழுப்பினார். நாற்பது முகங்கள் அவளையே பார்த்தன. புருஷன் அடித்தான் என்று சபையில் சொன்னால் குடும்பத்தைத் தெருவில் அவிழ்த்துப் போட்ட மாதிரி. அவன் பெயரைச் சொல்லுவதோ நினைத்தே பார்க்க முடியாதது. அந்தப் பக்கத்துப் பெண்கள் வாக்காளர் பட்டியல்காரர் கேட்டால்கூட, பக்கத்திலிருக்கிற பிள்ளையைக் கிள்ளி அதன் வாயால்தான் புருஷன் பெயரைச் சொல்ல வைப்பார்கள். அன்று காலை பாஸ்டர் பிரசங்கத்தில், தேவனுடைய சித்தமில்லாமல் உலகத்தில் ஒரு துரும்பும் அசையாது என்று சொல்லியிருந்தார். யமுனா அதைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் பெயர் வரவேண்டிய இடத்தில் கர்த்தர் பெயரைப் போட்டாள்.

சபை அதிர்ந்தது. "அல்லேலூயா!" என்று ஷீட் கூரை முழங்கியது. அன்றிலிருந்து அதுவே அவளுடைய சாட்சி. சொல்லச் சொல்ல அவளும் அதை நம்பினாள்.

நம்பிக்கை அவளைக் காப்பாற்றவும் செய்தது. இல்லை என்று சொல்ல முடியாது. சம்பத் மிதிக்கும்போது அவள் அவனைப் பார்க்கமாட்டாள். அவனுக்கு மேலே, களிமண்ணைத் தட்டித் தட்டி உருவாக்குகிற குயவனின் கையைப் பார்ப்பாள். பெல்ட்டால் அடித்தான். கொதிக்கிற சாம்பாரைக் காலில் ஊற்றினான். முடியைக் கிணற்று ராட்டினக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டு சினிமாவுக்குப் போனான். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் மேலே இருக்கிறது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மேலே காரணம் இருக்கும்போது கீழே இருக்கிறவனைக் கேட்க என்ன இருக்கிறது? அவள் அவனை ஒருநாளும் கேட்கவில்லை. ஒயின் ஷாப்பில் அவனுடைய கூட்டாளிகள், "உன் பொண்டாட்டி கைய சாமி ஒடைச்சிச்சாமே, நீ எங்கடா போயிருந்த?" என்று கிண்டல் செய்தால் சம்பத்தும் சேர்ந்து சிரிப்பான்.

ஒரே ஒரு முறை அவளுக்குச் சந்தேகம் வந்தது. காவ்யாவுக்கு ஆறு வயது. யமுனா வயிற்றில் ஐந்து மாதம். சோற்றில் கல் இருந்தது என்று அவன் உதைத்த உதை நேராக வயிற்றில் விழுந்தது. சிமெண்ட் தரையில் ரத்தம் பரவப் பரவ, காவ்யா வீட்டிலிருந்த துண்டையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வந்து போட்டுக்கொண்டிருந்தாள். துண்டு தீர்ந்ததும் தன் பள்ளிக்கூடச் சட்டையைக் கொண்டுவந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் பாஸ்டரைக் கேட்டாள்: "ஐயா, இதுவும் கர்த்தர் பண்ணதா?"

மாசிலாமணி கெட்டவர் இல்லை. நகரியில் தறி ஓட்டிப் பிழைத்து, பிறகு ஊழியத்துக்கு வந்தவர். கஞ்சி இல்லாத வீட்டுக்குத் தன் வீட்டு அரிசியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு தன் மகன் கிரண்குமாரைப் பற்றிச் சொன்னார். இரண்டு வருஷம் முன்னால், காலேஜுக்குப் போகும்போது, புத்தூருக்கு இந்தப் பக்கம் தண்டவாளத்தைத் தாண்டின பையன். ரயில் வந்துவிட்டது. இவர்தான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அந்த வார்த்தையைத்தான் சொன்னார்.

"அது அவருடைய சித்தம்னு நான் புடிச்சிக்கினு நிக்கறேம்மா. இல்லைன்னா அது சும்மா போன உயிர். சும்மா போச்சின்னா என்னால ஒருநாள் கூட மூச்சு வுட முடியாது" என்று சொல்லி, நோயாளிகள் பார்க்க, அழுதார்.

யமுனா அதற்குப் பிறகு கேட்கவில்லை. அழுகிற மனுஷனிடம் எதைக் கேட்பது?

இந்த வருஷம் மாங்காய்ப் பருவத்தில் அவள் சித்தூர் ரோட்டில் இருக்கிற ஜூஸ் பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பழத்தைக் கூழாக அடித்து டின்னில் அடைக்கிற இடம். பெண்கள் வரிசையாக நின்று தோதாபுரி மாம்பழத்தை வெட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டுக் கையெல்லாம் பொத்துப்போகும். இடது கை வளைந்திருந்ததால் பழத்தை வயிற்றோடு அணைத்து வெட்டுவாள். கத்தி அவரவருடையது. கூடைப் பையில் துணி சுற்றிப் போட்டுக்கொண்டு போய் வருவார்கள்.

ஜூன் மாதத்தில் ஒருநாள், மதிய ஷிப்ட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்தாள். டி.வி. தெருமுனை வரைக்கும் அலறிக்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. பின்பக்கமாகப் போனபோது, டி.வி. சத்தத்துக்குள் வேறொரு சத்தம் கேட்டது. அம்மியில் தேங்காயைத் தட்டுகிற மாதிரி.

சம்பத் காவ்யாவின் சடையை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தான். அவள் நெற்றியைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். ஆத்திரம் பிடித்தவன் மாதிரி இல்லை. ஆணி அடிக்கிறவன் மாதிரி, இழுத்து, பார்த்து, மோதினான். சுவரில் ஒரே இடத்தில் சிவப்பாக இருந்தது. பிள்ளை கத்தவில்லை, கத்துகிற நிலையைத் தாண்டியிருந்தாள்.

யமுனா பைக்குள் கையை விட்டாள். கத்தியைச் சுற்றின துணி எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. கத்தியின் முனை சம்பத்தின் கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு சொட்டு ரத்தம் வருகிற அளவுக்கு இருந்தது.

சம்பத் நின்றான்.

சடையை விட்டான். இரண்டு கையையும் மெல்லத் தூக்கினான். "ஏய், ஏய், இரு. வுடு. சும்மாத்தான்" என்றான். பின்னோக்கியே நடந்து வாசலைத் தாண்டினான். சத்தம் கேட்டு சென்னம்மாவின் மகன் முரளியும் தெருக்காரர்களும் ஓடி வந்து, அவனை அடித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்திவிட்டு வந்தார்கள். அவன் வெதுருகுப்பத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.

காவ்யாவின் நெற்றியில் ஏழு தையல். தையல் போட்டுக்கொண்டு வந்த பிறகு, தாயும் மகளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"கிளாஸ்ல கூட படிக்கிற ஸ்ரீஹரி நோட்ஸ் கேட்டு போன் பண்ணான்மா. அவ்ளோதான்" என்றாள் காவ்யா. பிறகு, "நைனா மொதல்ல இன்னா பண்ணாரு தெரியுமா? வாட்ச்சக் கழட்டி டி.வி. மேல வச்சாரு. கண்ணாடி ஒடஞ்சிடும்னு. தண்ணிக் கொடத்த ஓரமா நவுத்தினாரு. ஜன்னலச் சாத்தினாரு. ரிமோட்ட எடுத்து சவுண்ட ஏத்தினாரு. அதுக்கப்புறம்தான் எங்கிட்ட வந்தாரு" என்றாள்.

யமுனா ஓரமாக நகர்ந்திருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் சாமி பண்ண வைக்கிறாருன்னு சொல்லுவ இல்ல? வாட்ச்சக் கழட்டச் சொன்னதும் சாமிதானா?"

அவள் அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு மாங்காய் வெட்டினாள். பதினேழு வருஷமாக அவனை வெள்ளம் மாதிரி நினைத்திருந்தாள். வரும், அடிக்கும், வடியும். வெள்ளத்திடம் போய் நில் என்று யார் சொல்லுவார்கள்? ஆனால் வெள்ளம் கத்தியைப் பார்த்து நிற்காது. அவனால் நிற்க முடிந்தது. அன்றைக்கு முடிந்தது என்றால், கதவைச் சாத்தின அன்றைக்கும் முடிந்திருக்கும். வயிற்றில் உதைத்த அன்றைக்கும்.

ஆகஸ்டில் பாஸ்டர் அவள் வீடு தேடி வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"சம்பத் ரட்சிக்கப்பட்டுட்டான்மா! மூணு வாரமா எங்கிட்ட வந்துக்கினு இருக்கான். உன் சாட்சி போன்ல சுத்திக்கினு இருக்கில்ல, அந்த வீடியோவப் பார்த்தானாம். பார்த்துட்டு என் கால்ல வுழுந்து அழுவறான். இன்னா சொல்றான் தெரியுமா? 'அவ கைய தேவன் உடைச்சாருன்னு அவளே சொல்றா. அப்போ நான் தேவன் கையில இருந்த கோலு ஐயா. என்னை வச்சித்தான் அவள இழுத்தாரு'ன்றான். எவ்ளோ பெரிய வெளிப்பாடு!"

யமுனா தன் வாயால் சொன்ன சொல்லை அவன் பொறுக்கிச் சட்டையாகப் போட்டுக்கொண்டான்.

"வர்ற ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். நீ மொதல்ல உன் சாட்சியச் சொல்லணும். உன் பக்கத்துல நின்னுக்கினு அவன் தன் சாட்சியச் சொல்லுவான். அன்னிக்கே அவனக் கைப்புடிச்சி வீட்டுக்குக் கூட்டிக்கினு போயிடு. பிரிஞ்ச குடும்பம் சேர்றத சபை பாக்கட்டும்."

அவர் போனதும் கதவுக்குப் பின்னாலிருந்து காவ்யா வந்தாள். நெற்றியில் தழும்பு இன்னும் ஊதா நிறத்தில் இருந்தது.

"அந்த ஆளு உள்ள வந்தா நான் இருக்கமாட்டேன். எங்க போவேன்னு கேக்காத. எனக்கே தெரியாது" என்றாள்.

சனிக்கிழமை காலை யமுனா பாஸ்டரைப் பார்க்கப் போனாள். அவர் ஜெப வீட்டுக்குப் பக்கத்தில் ஞானஸ்நானத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தனக்கு உள்ளதிலேயே பெரிய தைரியத்தைச் சேர்த்து அவள் வாயைத் திறந்தாள்.

"ஐயா, என் கைய கர்த்தர் உடைக்கல."

அவர் துடைப்பத்தை நிறுத்தவில்லை. "யாரு உடைச்சாங்கன்னு எனக்குத் தெரியாதாம்மா? மனுஷன் கைதான். ஆனா அந்தக் கைக்குப் பின்னால..."

"பின்னால யாரும் இல்ல ஐயா. வாட்ச்சக் கழட்டி வச்சிட்டு அடிக்கிறவனுக்குப் பின்னால யாரு இருப்பாங்க? என் புள்ள தலைய சொவுத்துல மோதறது அவர் சித்தம்னா, நான் கத்திய எடுத்தேனே, நான் அவரத் தடுத்தேனா?"

துடைப்பம் நின்றது.

"என்னை இழுத்துக்கினு வந்தது கர்த்தர்னு சொல்லுங்க. அது நெசம். ஒடஞ்ச கையோட வந்தவள சேத்துக்கினாரு, அதுவும் நெசம். ஒடைச்சிட்டு சேத்துக்கினாருன்னு சொன்னது நான். எனக்கு அவமானமா இருந்திச்சி, அதனால சொன்னேன்."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மாசிலாமணி கேட்டதில்லை. தண்ணீரில்லாத தொட்டிக்குள், முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது.

"உன் கைய அவர் உடைக்கலன்னா, என் புள்ளைய யாரு எடுத்தாங்க?" என்றார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"போ. நாளைக்கு வந்து எப்பவும் சொல்றதச் சொல்லு. நீயும் பொழைக்கணும், நானும் பொழைக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்த இடத்தையே தேய்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெப வீடு நிறைந்திருந்தது. தொட்டியில் தண்ணீர் தளும்பியது. சம்பத் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, முதல் வரிசையில் கை கூப்பி உட்கார்ந்திருந்தான். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் அவள் பெயரைச் சொன்னார். முரளி மைக் ஸ்டாண்டைக் கொண்டுவந்து அவள் உயரத்துக்குச் சரிசெய்து வைத்தான். சம்பத் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். அவன் மேலிருந்து பவுடர் வாசனை வந்தது.

"கர்த்தர்..." என்று ஆரம்பித்தாள். பழகின நாக்கு தானாக அடுத்த வார்த்தைக்குப் போனது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"கர்த்தர் என் கைய உடைக்கல. சம்பத் உடைச்சாரு."

பெண்கள் பக்கத்தில் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அடித்தான் என்பதற்கு இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். புருஷன் பெயரை மைக்கில் சொல்லிவிட்டாள்.

"ஜாக்கி லிவரால உடைச்சாரு. கட்டுப் போட்ட கைய கதவுல வச்சி நசுக்கினாரு. ரெண்டு தடவ. என் வயித்துல இருந்த புள்ளைய உதைச்சிக் கொன்னாரு. என் பொண்ணு தலைய சொவுத்துல மோதினாரு. கர்த்தர் இதுல எதையும் பண்ணல. பதிமூணு வருஷமா ஊர் ஊரா போயி அவர் மேல பழி போட்டேன். பொய்ச் சாட்சி சொன்னேன். அவருகிட்ட மன்னிப்பு கேக்கறேன். உங்ககிட்டயும் கேக்கறேன். இந்த ஆள என் வூட்டுக்கு நான் கூட்டிக்கினு போவமாட்டேன்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. சம்பத் இன்னும் புன்னகை செய்துகொண்டிருந்தான். அவன் வலது கை இடது மணிக்கட்டுக்குப் போய், வாரைத் தளர்த்தியது.

"மா! வாட்ச்சு!" என்று காவ்யா கத்தினாள்.

வாட்ச்சைச் சட்டைப் பைக்குள் போட்ட கையோடு அவன் மைக் ஸ்டாண்டைத் தூக்கினான். அடிப்பக்கத்து இரும்புத் தட்டு யமுனாவின் தோளில் இறங்கியது. ஸ்பீக்கரில் பெரிய கீச்சொலி கிளம்பியது. அதற்கு நடுவே எலும்பு போன சத்தம் மைக் வழியாக எல்லாருக்கும் கேட்டது. அவள் பாய் மேல் விழுந்தாள். இரண்டாவது அடி அவள் தலைக்கு வந்தது. நடுவில் பாஸ்டர் வந்து விழுந்தார். தட்டின் விளிம்பு அவர் காதைக் கிழித்தது. வெள்ளை ஜிப்பாவில் ரத்தம் கொட்டியது. பிள்ளைகள் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடின. சென்னம்மா பின்னாலிருந்து சம்பத்தின் கழுத்தை முழங்கையால் வளைத்துத் தொங்கினாள். முரளியும் இன்னும் நாலு பேரும் அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து, ஷாமியானாக் கயிற்றால் கட்டினார்கள். அடியும் விழுந்தது. யார் யார் அடித்தார்கள் என்று கணக்கில்லை. சாந்தமான விசுவாசிகள் என்று பேர் வாங்கினவர்கள்கூட ஆளுக்கொன்று போட்டார்கள்.

மாசிலாமணி காதைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். விரல் இடுக்கால் ரத்தம் ஒழுகியது.

"ஏன்டா? தேவ சந்நிதியில... ஏன்டா அடிச்ச?"

வாயில் மண்ணோடு சம்பத் தலையைத் தூக்கினான். "நான் இல்ல ஐயா! சத்தியமா நான் இல்ல. பிசாசு! பிசாசு பண்ண வச்சிட்டான்!"

சென்னம்மா மூச்சிரைக்க நின்று அவனைப் பார்த்தாள். "நேத்து வரைக்கும் மேல இருக்கிறவர் மேல போட்ட. இன்னிக்குக் கீழ இருக்கிறவன் மேல போடற. நடுவுல வேட்டி கட்டிக்கினு நிக்கறியே, நீ யாருடா?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அழுதுகொண்டிருந்த பெண்கள் சிலரும் சிரித்தார்கள். மாசிலாமணி சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முரளியிடம், "தொட்டித் தண்ணியத் தொறந்து வுட்ருப்பா. இன்னிக்கு ஞானஸ்நானம் இல்ல" என்றார்.

ஸ்டேஷனில் இருந்த பெண் கான்ஸ்டபிள் தெலுங்கில், "எவரு கொட்டாரம்மா?" என்று, யார் அடித்தது எனக் கேட்டாள். யமுனா தெலுங்கிலேயே பெயரைச் சொன்னாள். இரண்டாம் முறை சொல்லுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கேஸுக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்று அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தோள்பட்டை எலும்பு இரண்டாகப் போயிருந்தது. சம்பத்தை ரிமாண்ட் செய்தார்கள். இருபத்தாறு நாளில் அவன் அண்ணன் ஜாமீனில் எடுத்தார். ஒருநாள் குடித்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்து, கொன்றுவிடுவேன் என்று கத்திவிட்டுப் போனான். முரளி கதவுக்கு உள்பக்கம் இரும்புப் பட்டையில் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தான். காவ்யா பத்தாம் வகுப்பை விடாமல் போய்க்கொண்டிருக்கிறாள். தெருவில் இரண்டு பெண்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் விடுகிறார்கள். அவன் திரும்பி வரமாட்டான் என்று யாரும் யமுனாவுக்கு உறுதி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. உள்ளே வர அவள் விடமாட்டாள். அவ்வளவுதான் அவள் கையில் இருக்கிறது.

சபையில் பாதிப்பேர் அவளோடு பேசுகிறார்கள். பாதிப்பேர் பேசுவதில்லை. புருஷனை சபை நடுவில் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள். கூட்டங்களுக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

பாஸ்டர் ஒரு மாதம் அவளைப் பார்க்க வரவில்லை. வந்தது ஒரு காலை வேளையில். காது தைத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. யமுனா ஒற்றைக் கையால் அடுப்பில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் உட்காராமல், தரையில் சுவரோரம் உட்கார்ந்தார்.

"நேத்து தண்டவாளத்தாண்ட போனேன்" என்றார். "பதினோரு வருஷம் கழிச்சி. அங்க வளைவு கூட இல்ல. ரயில் ரொம்ப தூரத்துலயே தெரியுது." பஞ்சு ஒட்டின காதைத் தடவிக்கொண்டு, "காதுல பாட்டு கேக்கற ஒயர மாட்டிக்கினு போனான். நான்தான் வாங்கிக் குடுத்தேன். அதனாலயா, இல்ல அவனாவே போயி நின்னானா... இது வரைக்கும் நான் அதக் கேட்டதே இல்லம்மா. சித்தம்னு சொல்லி மூடி வச்சிட்டேன். நீ சொல்லு" என்றார்.

யமுனா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொன்ன மனுஷன், பதிலுக்காகத் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படிச் சொல்லித்தான் பதிமூன்று வருஷம் போனது.

"எனக்குத் தெரியாது ஐயா" என்றாள். "என் கை எப்படி ஒடஞ்சிதுன்னு எனக்குத் தெரியும், அதச் சொன்னேன். உங்க புள்ள எப்படிப் போச்சின்னு எனக்குத் தெரியாது."

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. "ஜெபம் பண்ணட்டுமா?" என்றார், முதன்முதலாக ஒரு வீட்டில் அனுமதி கேட்கிறவர் மாதிரி.

"பண்ணுங்க."

முழங்கால் போட்டார். "உம்முடைய சித்தப்படி..." என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. யமுனாவும் கண்ணை மூடிக் காத்திருந்தாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அவள் எழுந்து போய்த் தீயைக் குறைத்து, கரண்டியைக் குறுக்கே வைத்துவிட்டு, திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மெல்லச் சொல்லுங்க ஐயா. எனக்கு இன்னிக்கு வேலை இல்ல" என்றாள்.